கம்பியூட்டருக்கு ஏற்றிய பஞ்சாங்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து மின்சாரக் கந்தோர் ஒன்றில் எனக்குக் கம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதும் வேலை. எந்த ஊருக்கு எந்த நாளில் கரண்டை நிறுத்திவிட்டு லைன் திருத்தலாம் என்று என் புரோகிராம் பட்டியல் போடும். கரண்ட் குறைவாகச் செலவாகும் நேரத்தைத்தான் அது பார்க்கும். பாவம், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. கலியாண வீடொன்றில் தாலி கட்டும் நேரம் பார்த்து ஒலிபெருக்கி ஊமையாகிவிட, பெண்வீட்டார் கந்தோருக்கே சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

எஞ்சினியர் ஐயா மறுநாளே தன் வீட்டு வாக்கிய பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து, முகூர்த்த நாள்களை எல்லாம் புரோகிராமில் ஏற்றச் சொன்னார். எங்கள் வீட்டில் பார்ப்பது திருக்கணிதப் பஞ்சாங்கம், இரண்டிலும் முகூர்த்த நாள்கள் எல்லா நேரமும் ஒத்துப்போகாது என்றேன். ஒரு மெசினுக்கு ஒரு பஞ்சாங்கம் போதும் என்றுவிட்டார். எரிச்சலோடுதான் ஏற்றினேன்.

வைகாசிப் பட்டியல் வந்தது. என் தங்கச்சியின் கலியாணத்தன்று, வட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊருக்குக் காலை முழுவதும் கரண்ட் இல்லை. மூத்தவன் கரண்டுக் கந்தோரில் என்று அப்பா மாப்பிள்ளை வீட்டில் அளந்த அளப்பு கொஞ்சமல்ல. அன்று ஒலிபெருக்கி நின்றால் சம்பந்தி வீட்டார் முன்னால் அவரால் தலைநிமிர முடியாது.

பட்டியலோடு ஐயாவிடம் ஓடினேன்.

“அண்டைக்கு முகூர்த்தம் இல்லையெண்டெல்லோ கம்பியூட்டர் சொல்லுது, தம்பி.”

அதுவரை கம்பியூட்டரை நம்பாமல் ஒவ்வொரு வரியையும் கையால் சரிபார்த்த மனிதர் இவர்.

“அதுக்குச் சொல்லிக் குடுத்தது உங்கடை பஞ்சாங்கம், ஐயா.”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல நேரம், அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருக்கணிதத்தையும் ஏற்றச் சொன்னார். இரண்டையும் ஏற்றி ஓட்டியபோது, வைகாசியில் கரண்ட் நிறுத்துவதற்கு இரண்டொரு நாள்தான் மிஞ்சியது. லைன்மேன்மாருக்கு நல்ல ஓய்வு.

கலியாணத்தன்று கரண்ட் நின்றது. ஊர் முழுக்க அல்ல, எங்கள் வீட்டு வளவில் மட்டும். அப்பா கட்டிய அத்தனை பல்ப்பையும் தாங்காமல் பியூஸ் போய்விட்டது. விருந்தாளியாக வந்திருந்த ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே பியூஸ் போட்டார். ஒலிபெருக்கி திரும்பப் பாடியது. கந்தோர் எஞ்சினியரே வந்து போட்டார் என்று அப்பா சம்பந்திக்குக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வருமளவு சந்தோஷம்.

கெட்டிமேளம் முழங்கியது. மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“எங்கடை பஞ்சாங்கப்படி இண்டைக்குக் கலியாணமே இல்லை, தம்பி,” என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார்.