தெற்கே மழையா?

"தெற்கே மழையா?" என்று கேட்ட பிறகுதான் எதெல்மிரா கரண்டியைப் பானைக்குள் விடுவார். பதில் வரும்வரை கிண்ணம் இடது கையில் காலியாகவே நிற்கும். சிலேயின் வடக்குப் பாலைவனத்திலுள்ள அந்தோஃபகாஸ்தா துறைமுக வாசலில் இருக்கும் அவருடைய சாப்பாட்டுக் கடைக்குப் புதிதாக வந்த லாரிக்காரன் எவனாவது, விவரம் தெரியாமல், "நல்ல வெயில் அத்தை, வழியெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அன்றைக்கு அவனுக்கு உருளைக்கிழங்கும் வெந்நீரும்தான். பழகியவர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். "கொட்டுது அத்தை! வைப்பர் ரெண்டும் பிச்சிக்கிட்டுப் போயிருச்சு. படகுத்துறையில அரை நாள் கெடந்தேன்." இவர்களுடைய கிண்ணத்தில் எலும்போடு சேர்ந்த பெரிய கறித்துண்டும் பரங்கிக்காயும் சோளக்கதிரும் விழும், மேலே ஒரு பிடி கொத்தமல்லியும் தூவப்படும். தான் ஏமாற்றப்படுவது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று கடையில் நெடுநாளாக ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது.

குள்ளமான, கனத்த உடம்பு. குளிர்ப் பிரதேசத்துக்காரர்களின் கன்னச் சிவப்பு இத்தனை வருஷப் பாலைவன வெயிலிலும் வெளுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு தொங்கும். தூசி படிகிறது என்று அதை வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பார். அந்தக் கோட்டு இந்த ஊரில் கண்ட ஈரம் அது ஒன்றுதான்.

சிலே நாட்டில் எல்லோரும் பிப்ரவரியில்தான் பயணம் கிளம்புவார்கள். அங்கே அதுதான் கோடை. பள்ளிக்கூடம் மூடியிருக்கும், வெயில் இருக்கும், தெற்கே ஏரிகளெல்லாம் நீலமாக இருக்கும். எதெல்மிராவுக்கு அந்தப் பயணத்தின்மேல் ஒரு மட்டமான அபிப்பிராயம். "அதெல்லாம் தெற்காய்யா? ஐஸ்கிரீம் நக்கிக்கிட்டு நடக்குற எடம். போறதுன்னா குளிர்காலத்துல, ஜூலையில போகணும். துணி காயக்கூடாது. மலை கண்ணுக்குத் தெரியக்கூடாது. எரிமலை தெரிஞ்சுதுன்னா காசு தண்டம்னு அர்த்தம்."

ஏப்ரல் பிறந்ததும் திட்டம் ஆரம்பமாகிவிடும். நாடு ஒரு புடலங்காய். தலைப்பக்கம் வறண்டு வெடித்துக் கிடக்கும்போது வால்பக்கம் அழுகுகிற அளவுக்கு ஈரம். அதனால் எங்கே எந்தத் துணி போடுவது என்பதே ஒரு வாரப் பேச்சு. இங்கிருந்து பருத்திச் சட்டையோடு ஏறுவது, சந்தியாகோ வரும்போது கம்பளிச் சட்டை மாட்டுவது, அதைத் தாண்டினால் காலுக்கு இரண்டு உறை. லா லிகுவாவில் வெள்ளை அங்கிப் பெண்கள் சாலையோரம் வெள்ளைத் துணியை ஆட்டி இனிப்பு விற்பார்கள், அங்கே ஒரு பொட்டலம். சில்லானில் காரமான தொத்திறைச்சி. கடையில் சாப்பிட வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கருத்து இருக்கும். வல்யதாரேஸ் என்ற லாரிக்காரர், "தொத்திறைச்சிய திரும்பி வரும்போது வாங்குங்க, போகும்போதே வாங்குனா பஸ்ஸு நாறிடும்" என்பார். "நாறட்டுமே, எம் பயணம், எம் நாத்தம்" என்பார் எதெல்மிரா. ஜூன் முடிவதற்குள் கடையே பேச்சிலேயே தெற்கே புவெர்த்தோ மோந்த் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிடும். ஜூலையில் அவர் மட்டும் போகமாட்டார்.

சிலேயில் ஒரு வழக்கம். மழை பெய்தால் வீட்டுக்கு வீடு பரங்கிக்காய் சேர்த்துப் பிசைந்த பூரி சுடுவார்கள். மழை பெய்யாத அந்தோஃபகாஸ்தாவில் இந்தப் பூரியை வெயிலிலேயே சுட்டுத் தின்கிறார்கள். எதெல்மிரா சுடமாட்டார். "மழையில்லாம பூரியா? செத்தவன் இல்லாம ஒப்பாரியா?" ஒரு விடியற்காலை ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்தவர் தலைகால் புரியாமல் பரங்கிக்காயை வேகவைத்து மாவு பிசைந்துவிட்டார். எண்ணெய் காய்வதற்குள் வெயில் வந்துவிட்டது. கடலிலிருந்து வந்த வெறும் பனிமூட்டம். அந்த மாவை ரொட்டியாகத் தட்டிப் போட்டார். அன்றைக்கு யாரும் அவரிடம் மழையைப் பற்றிப் பேசவில்லை.

உண்மையாகவே மழை பெய்ததும் உண்டு. ஒரே ஒரு காலைப்பொழுது. இந்த ஊர்க் கூரைகள் வெயிலுக்காகப் போட்டவை. தெருவிலுள்ள வீடுகளெல்லாம் ஒழுகின, மெத்தைகள் நனைந்தன, பெண்கள் வாளியோடு ஓடினார்கள். எதெல்மிரா நடுத்தெருவில் முகத்தைத் தூக்கி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் செய்தது நியாயம் என்றுதான் எதெல்மிரா இன்றும் சொல்வார். ஆனால் சொல்லும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.

அவர் தெற்கே, மழை ஓயாத சிலோவே தீவுக்காரி. இளம் வயதில் சுரங்க முகாமின் சமையற்கட்டுக்கு வேலைக்கு வந்தார். முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் செனோபியோ, இந்த வறண்ட வடக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணமானதும் எதெல்மிரா அவரைத் தெற்கே அழைத்துப் போனார், அதுவும் ஜூலையில். புயலில் தீவுக்குப் போகும் படகு நின்றுபோய், புவெர்த்தோ மோந்தில் ஒரு தங்கும் விடுதியில் மாட்டிக்கொண்டார்கள். அடுப்புக்கு மேலே கொடி கட்டி எல்லோருடைய காலுறைகளும் தொங்கின. வீடு முழுக்க விறகுப் புகையும் ஈரக் கம்பளியின் வாடையும். "இந்த ஊர்ல துணி எப்பம்மா காயும்?" என்று செனோபியோ விடுதிக்காரியிடம் கேட்க, அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டிசம்பர்ல" என்றாளாம். எதெல்மிராவின் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் வந்ததில்லை. கூரைத் தகரத்தில் மழை தடதடக்கும், கணவர் பக்கத்தில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருப்பார், போவதற்கும் இடமில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் இறங்கிவிடும். செனோபியோ சொல்வது வேறு. "ஒரு டப்பா தண்ணிக்கு நாள் பூரா லாரி ஓட்டுறவன் நான். அங்க அது பாட்டுக்குச் சும்மா விழுந்து சாக்கடையில ஓடுது. வயிறு எரிஞ்சுது கிழவி."

மறுபடி போக முடியாததற்குக் காரணம் அவருடைய வயிற்றெரிச்சல் அல்ல. மகள் பெர்னார்தா கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்தாள். மருத்துவர் கைவிரித்த அன்று, "கால் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் உன் முன்னாடி ஆடுறேன்" என்று செனோபியோ கார்மேல் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். பெர்னார்தா பிழைத்தாள்; இப்போது கலாமாவில் பள்ளிக்கூட ஆசிரியை, அப்பாவையே அதட்டுகிறாள். மாதாவின் திருவிழா வடக்கே, லா திரானா என்ற பாலைவனச் சிற்றூரில், ஜூலை பதினாறு. கடைக்கு வருஷத்தில் ஒரே வாரம்தான் விடுமுறை விடமுடியும். அந்த வாரம் திருவிழாவுக்குப் போய்விடும். கொம்பு வைத்த பிசாசு முகமூடியோடு செனோபியோ புழுதியில் குதித்து ஆடுவார், எதெல்மிரா தண்ணீர்ப் புட்டியோடு ஓரத்தில் நிற்பார். மகளைக் கொடுத்த நேர்த்தியை எந்த வாயால் குறை சொல்வது? வாய் திறந்து ஒரு நாளும் சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும், மேளச் சத்தத்துக்கு நடுவே, வருஷம் தவறாமல் கேட்டுக்கொள்வார்: "தாயே, இந்த ஆள இந்தத் தடவையோட விட்டுரேன்."

இந்த வருஷம் மாதா விட்டுவிட்டாள். மார்ச்சில் செனோபியோவின் இரண்டு முட்டிகளும் வீங்கிப்போய், மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டத்தை மறந்துவிடச் சொன்னார். முகமூடியைக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு வந்த செனோபியோ, கடை நிறைய ஆள் இருக்கும்போது, "என்ன கிழவி பாக்குற? கால் போச்சு, நேர்த்தியும் தீந்துச்சு. ஜூலை உன்னோடது. டிக்கெட்டப் போடு" என்றார். கடை ஆர்ப்பரித்தது. வல்யதாரேஸ் மேஜையைத் தட்டினார்.

அன்றிலிருந்து எதெல்மிராவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஏப்ரல் வந்தது, திட்டம் வரவில்லை. லாரிக்காரர்கள் தாமாகவே மழைச் செய்தி கொண்டுவந்தார்கள். அவர் கேட்காத மாதிரி எல்லோருக்கும் ஒரே அளவாக ஊற்றினார். "எப்பப் பயணம் அத்தை?" என்றால், "பாலத்துல வேலை நடக்குதாம்", "பஸ்காரன் சரியில்ல" என்று ஏதாவது சாக்கு. இத்தனை காலம் நச்சரித்தவர் இப்போது நழுவுவதைப் பார்த்து ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கோ ஒரே பயம்தான்: கேட்டது நான், உடைந்தது அவர் முட்டி. இந்த ஜூலையை எடுத்துக்கொண்டால், கேட்டதனால்தான் உடைந்தது என்று ஆகிவிடும்.

மே மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் போன பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கணவனிடம் கொட்டிவிட்டார்.

"நான்தான் கேட்டேன்."

"என்னத்த?"

"மாதாகிட்ட. வருஷா வருஷம். உன்ன விட்டுரச் சொல்லி."

செனோபியோவின் கத்தி நின்றது. "முட்டியப் பத்தி ஏதும் சொன்னியா?"

"ஐயோ, இல்ல. விட்டுருன்னு மட்டுந்தான்."

"பின்ன என்ன? தண்ணி லாரியில கிளட்ச் மிதிச்சு மிதிச்சே போன முட்டி இது. உம் பேச்சக் கேட்டு எம் முட்டிய உடைக்கவா அவ உக்காந்திருக்கா? நானே உம் பேச்சக் கேக்குறதில்ல." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார். அடுத்ததை எடுத்தவர் உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "ஆடணும்னு இருக்கு கிழவி. அது இருக்கத்தான் செய்யுது. இங்க உக்காந்து அந்த ஆசையப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு, உன் சேத்துல போயி உக்காந்துக்கிறேன். போடு டிக்கெட்ட."

போட்டார்கள். லா லிகுவாவில் இனிப்பு வாங்கினார்கள், சில்லானில் தொத்திறைச்சி வாங்கினார்கள், பஸ் நாறியது. மலை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. புவெர்த்தோ மோந்தில் மழை, எதெல்மிரா இத்தனை வருஷம் சொன்னதில் ஒரு சொட்டுக் குறையாமல் பெய்துகொண்டிருந்தது. அந்தப் பழைய விடுதி இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை. அதன் எதிரே நின்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு வேறொரு விடுதி பிடித்து, அடுப்புக்கு மேலே கொடி இருக்கிறதா என்று பார்த்த பின்தான் அறை எடுத்தார். தினமும் வெளியே போய் நனைந்துவிட்டு, முகமெல்லாம் மினுமினுக்கத் திரும்பி வந்தார். செனோபியோ அடுப்பை விட்டு நகரவில்லை. குறையும் சொல்லவில்லை.

பதினாறாம் தேதி விடுதிக்காரியின் தொலைக்காட்சியில் லா திரானா பூசை ஓடியது. செனோபியோ எழுந்து அதை அணைத்தார். சாயங்காலம், "சிகரெட் வாங்கிட்டு வரேன்" என்று வெளியே போனார். சிகரெட்டை அவர் விட்டு வருஷக்கணக்காகிறது. எதெல்மிரா பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

கடற்கரைச் சாலையில் ஆளில்லை. செனோபியோ தொப்பி இல்லாமல் மழையில் நின்றுகொண்டிருந்தார். கையை விரித்து, உடம்பைச் சாய்த்து, ஒரு காலைத் தூக்கினார். முட்டி மடங்கியது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். வடக்கத்திக்காரர்களுக்குக் கடல் என்றால் மேற்கு. கடலை இடது கைப்பக்கம் வைத்து நின்றால் நேர் எதிரே வடக்கு, எதிரே மாதா. ஆனால் புவெர்த்தோ மோந்தில் கடல் தெற்கே இருக்கிறது. செனோபியோ பழக்கப்படி கடலை இடப்பக்கம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மேற்கிலிருக்கும் மீன் கடைகளுக்கு முன்னால் பக்தியோடு ஆடிக்கொண்டிருந்தார்.

எதெல்மிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்டே போய் அவர் தோள்களைப் பிடித்து, மெல்லத் திருப்பினார்.

"இப்பிடி நில்லு. இங்க கடல் முதுகுப் பக்கம்."

அவர் கையை இழுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, அந்தப் பாரத்தையும் தாங்கி, எதெல்மிரா முதல் அடியைத் தானே எடுத்து வைத்தார்.