முழு டிரைவையும் விலக்கில் போட்டவன்

1. ஒயர்

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஆள் வருகை, கொழுந்து எடை, எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. திரை நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பேசுங்கள்.

சேரம்பாடிப் பக்கம் இருபது வருடமாக சிஸ்டம் பார்க்கிறவன் நான். இப்படி வந்தால் முதலில் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கவேண்டும் என்று நாலு எஸ்டேட்டில் வகுப்பெடுத்திருக்கிறேன். அன்றைக்கு நான் முதலில் பிடுங்கியது பிரிண்டர் ஒயர். அடுத்தது துரையின் ரூம் ஹீட்டர். மூன்றாவதாகத்தான் சரியான ஒயர் கையில் சிக்கியது. அதற்குள் பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. அதை எந்நேரமும் சொருகியே வைத்திருந்த புத்திசாலியும் நானே.

"என்னய்யா ஆச்சு?" என்றார் துரை. மேனேஜரை இங்கே இன்னும் துரை என்றுதான் சொல்வோம்.

"சின்னப் பிரச்சினைதாங்க சார்," என்றேன். என் கையில் ஹீட்டர் பிளக் இருந்தது.

கிளார்க் சாந்தி நாற்காலியை விட்டு எழவில்லை. "காலைல வந்ததும் லாரி ஆபீஸ் பேர்ல ஒரு மெயில் இருந்துச்சுங்ணா. பில்லுன்னு போட்டிருந்துச்சு. எறக்கித் தொறந்தேன். ஒண்ணுமே வரலை, மூடிட்டேன்."

வருகிற மெயிலைத் திறப்பதுதான் அவள் வேலை. காண்ட்ராக்ட் வேலை. அவள் அம்மா கொழுந்து பறித்து ரிட்டயர் ஆனவர். இருவரும் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடு சாந்தியின் வேலையை வைத்துத்தான் அவர்களிடம் இருந்தது. வேலை போனால் வீடும் போகும்.

2. கண்ணாடி

சிஸ்டத்தோடு கூடவே வருகிற வைரஸ் பாதுகாப்பு இந்த மாதிரி ஃபைலை வாசலிலேயே பிடித்திருக்கும். ஏன் பிடிக்கவில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஏழெட்டு மாதம் முன்பு, கொழுந்து எடை போடும் சாஃப்ட்வேரைப் புதிதாக மாற்றினார்கள். பாதுகாப்பு அதைத் திருடன் என்று நினைத்து ஓடவிடவில்லை. வெளியே தூறல். பெண்கள் சாக்கை இறக்கிவிட்டு எடைக்கு நின்றார்கள். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர் போனில் தெளிவாகவே சொன்னார்: "எங்க ஃபோல்டரை மட்டும் விலக்குப் பட்டியல்ல சேர்த்துடுங்க சார்." அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாதுகாப்பு சோதிக்காது. ஃபோல்டரைத் தேட எனக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடி ஜீப்பில் இருந்தது. மொத்த சி டிரைவையும் சேர்த்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற சாந்தி கேட்டாள்: "ஏனுங்ணா, ஒரு ரூமைத் தொறக்கச் சொன்னா ஊட்டையே தொறந்து உட்டுட்டீங்க?"

"நாளைக்கு மாத்திக்கலாம் புள்ள. நான் ஒருத்தன் இருக்கறப்ப எந்த வைரஸ் உள்ள வரும்?"

"அதுசரி, உங்களைப் பாத்தா பயந்துக்கும்," என்று சிரித்தாள். எடை ஓடியது. நான் மாற்றவேயில்லை. திரையின் மூலையில் பச்சை டிக் மட்டும் தினமும் இருந்தது. பாதுகாப்பு ஆனில்தான் இருந்தது. எதையும் பார்க்கத்தான் அதற்கு அனுமதி இல்லை.

3. விசாரணை

புதன்கிழமை குன்னூர் ஹெட் ஆபீஸிலிருந்து ஐ.டி. அதிகாரி வந்தார். அவர் வண்டி கேட்டில் ஹாரன் அடித்தபோதுதான் பட்டியலிலிருந்து சி டிரைவை நீக்கினேன். உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. ஊரே ஸ்வெட்டரில் இருக்க, எனக்கு மட்டும் வெயில் காலம்.

அவர் உட்கார்ந்து, சாந்தி இறக்கிய ஃபைல் கிடந்த ஃபோல்டரைத் திறந்தார். உடனே மூலையில் எச்சரிக்கை வந்தது: ஆபத்தான ஃபைல் பிடிபட்டது. கண்கட்டை அவிழ்த்த அரை மணி நேரத்தில் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றார் அதிகாரி, துரையிடம். "பாதுகாப்பு கரெக்டா புடிக்குது. அன்னைக்கும் வார்னிங் குடுத்திருக்கும். இந்தப் பொண்ணுதான் மீறி அலோ குடுத்திருக்கு."

"வார்னிங்கே வரலைங்க சார்," என்றாள் சாந்தி. "அண்ணாவைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆன்லதாங்க சார் இருந்துச்சு," என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

பட்டியலிலிருந்து எதை எத்தனை மணிக்கு நீக்கினேன் என்பது சிஸ்டத்தின் லாக் பதிவில் இருந்தது. அவர் அதைத் திறக்கவில்லை. டீ குடித்தார். செட்டிங் எல்லாம் நன்றாக வைத்திருப்பதாக என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் சாந்தியின் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரிப்போர்ட் போயாச்சுய்யா," என்றார் அவர். "இப்ப மாத்திச் சொன்னா என்னையும்ல கேப்பாங்க? அதை விடு. ஹீட்டரைக் கொஞ்சம் பாரு, அன்னையிலேர்ந்து சூடாக மாட்டேங்குது."

பார்த்துக் கொடுத்தேன்.

லைன் வீட்டைக் காலி செய்த அன்று பீரோ தூக்க ஆள் போதவில்லை என்றார்கள். போனேன். "அந்தப் பக்கம் புடிங்ணா," என்றாள் சாந்தி. வண்டியில் ஏற்றி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு சார் முன்னால நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேன். அதான் அந்த லிஸ்ட்டைப் பத்தி நான் வாயைத் தொறக்கலை."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: பச்சை டிக்கைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்களே எதையாவது அதில் சேர்த்தால், என்ன, ஏன் என்று ஆபீஸ் நோட்டில் எழுதி, அன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள். விசாரணை என்று வந்தால் அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.