அல்போன்ஸ் முழுங்கிய துண்டு

பட்டினப்பாக்கத்தில் சுறா மீன் இறக்கை காயப்போடும் கொட்டகை அல்போன்ஸுடையது. அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். அவர் நடுவே உட்கார்ந்து பீடி பிடிப்பார். ஆனால் எச்சில் என்றால் ஆகாது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் மனைவி ஃப்ளோரன்ஸ் வாய் வைத்த லோட்டாவை அவர் தொட்டதில்லை. கோயிலில் நற்கருணை வாங்கும்போதுகூட, பாதிரியார் விரல் பக்கத்து ஆளின் நாக்கில் பட்டதா என்று பார்ப்பாராம்.

யுத்தத்தில் மலாயாவுக்குக் கப்பல் நின்றதிலிருந்து கொட்டகையில் சரக்கு தேங்கிக் கிடந்தது. அதைச் சூப் வைத்துக் குடிக்கிறவர்கள் சீனர்கள்தான். இங்கே நாய்கூடத் தீண்டாது. நாற்பத்தாறில் பினாங்கிலிருந்து லிம் என்ற வியாபாரி, சமையல்காரரோடு வந்து அடையாற்றில் ஒரு பங்களாவில் தங்கினார். அவர் எடுக்காவிட்டால் சரக்கு இன்னொரு மழைக்காலத்தைத் தாங்காது, புழு வைத்துவிடும். நான் பினாங்கில் பிறந்து, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தவன். மலாய் தெரியும் என்று லிம்மோடு பேச அல்போன்ஸ் என்னைப் பிடித்தார்.

மாதிரிச் சரக்கை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும், சாப்பாட்டில் கை வைக்கும் முன் வியாபாரம் பேசக் கூடாது என்றெல்லாம் அவர் வீட்டில் சாப்பிடும்போது சொல்லிக்கொடுத்தேன்.

“முக்கியமா ஒண்ணு. லிம் தான் சாப்பிடற குச்சியாலயே ஒரு துண்டை எடுத்து உங்க தட்டுல வைப்பார். அது மரியாதை. உடனே சாப்பிடணும்.”

“வாயில வெச்ச குச்சியாலயா?”

“ஆமாம்.”

“த்தூ. இதுக்குப் பேரு மரியாதையா சார்?”

ஃப்ளோரன்ஸ் சிரித்துக்கொண்டே, தான் கடித்த வஞ்சிரத்தில் ஒரு துண்டை அவர் தட்டில் வைத்தாள். அவர் தட்டோடு எழுந்துபோய்ப் பூனைக்குப் போட்டார்.

“என் எச்சி பூனைக்கு. சீனாக்காரர் எச்சி மட்டும் உள்ள எறங்குமா, பாக்கறேன்” என்றாள்.

லிம்மின் பங்களாவில் விருந்து. வாத்து வைத்திருந்தார்கள். லிம் குச்சியை நன்றாகச் சப்பிவிட்டு, தோலும் கொழுப்புமாக ஒரு துண்டை எடுத்து வைத்தார். குச்சி நுனியில் ஒட்டியிருந்த பருக்கையும் கூடவே விழுந்தது. அல்போன்ஸ் கண் கலங்க முழுங்கினார்.

லிம் முகம் மலர்ந்தது. முழுச் சரக்கையும் எடுத்துக்கொள்வதாக மலாயில் சொன்னார்.

பதிலுக்கு நாமும் வைத்தால் நல்லது என்று சொல்லியிருந்தேன். எதைக் கொண்டு எடுத்து வைப்பது என்று சொல்லவில்லை. அது என் பிழை. குச்சி பிடிக்க வராமல் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்த அல்போன்ஸ், கொழுப்பும் சோறும் அப்பிய விரலால் தொடைக்கறியைப் பிய்த்து லிம்மின் கிண்ணத்தில் வைத்தார்.

லிம் சிரிப்பு மாறாமல் அதை ஓரமாகத் தள்ளி, ஓர் எலும்பால் மூடினார். பிறகு சமையல்காரரை அழைத்துக் கிண்ணத்தையே மாற்றிக்கொண்டார்.

“சரக்கு இல்லன்னு சொல்லு சார்” என்றார் அல்போன்ஸ்.

“யோசிச்சுப் பேசுங்க. மழைக்காலம் வருது.”

“அவன் எச்சிய முழுங்கிக்கினு குந்திகினு கீறேன். என் கை அவனுக்கு அசிங்கமா கீது. சொல்லு.”

சொன்னேன். பேரம் என்று நினைத்து லிம் விலையை ஏற்றினார். அல்போன்ஸ் அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஐப்பசியில் பாதிச் சரக்கில் புழு நெளிந்தது. கூடை கூடையாகக் கடலில் கொட்டினார்கள். ஃப்ளோரன்ஸ் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. நான் போனபோது அவர் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். இன்னொரு துடைப்பத்தை என் பக்கம் தள்ளினார்.