போஞ்சிப் பாத்தியில் ஒரு துப்பாக்கி

வலுவான நாடுகள் தங்கள் போர்க்கப்பலை அடுத்தவர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்துமாம். சுட மாட்டார்கள். கரையில் இருப்பவர் தானாகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார். பிறகு அந்த ஒப்பந்தமே சட்டமாகிவிடும். போன வாரம் மகளுக்குச் சரித்திரப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது எனக்குக் கப்பல் நினைவுக்கு வரவில்லை, சின்ன மாமாதான் வந்தார்.

அப்போது இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், ஓர் அறை வீடான காம்பரா ஒன்றில் குடியிருந்தோம். பின்பக்கம் அம்மா பீன்ஸ், எங்கள் பேச்சில் போஞ்சி, போட்டிருந்த துண்டு நிலம். அதற்கும் பக்கத்துக் காம்பராக்காரரின் நிலத்துக்கும் எல்லை எதுவும் கிடையாது. அந்த மழைக்காலத்தில் அம்மா அவர் பக்கமாக ஒரு வரிசை தள்ளிக் கம்பு நட்டார். பக்கத்துக் காம்பராக்காரர் பிடுங்கி எறிந்தார். அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு இறங்கினார். அம்மா குறுக்கே விழுந்து மறித்தார். இனி வெட்டுக்குத்துதான் என்ற பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அம்மாவின் தம்பியான சின்ன மாமா தோட்டத்துக் காவல்காரர். பன்றி விரட்ட அவருக்கு ஒரு துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் பாத்தி ஓரத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

“என்ன தம்பி, இங்கன ஒக்காந்திருக்கீங்க?” என்றார் பக்கத்துக் காம்பராக்காரர்.

“சும்மாதாண்ணே. பன்னி எறங்குதுன்னாங்க.”

“வெளிச்சத்துலயா?”

“நம்ம பன்னிக்கு நேரங்காலம் ஏதுண்ணே?”

தோட்டா இரவு வேலைக்கு மட்டுமே கிடைக்கும் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படியும் அடுத்த நாள் பக்கத்துக் காம்பராக்காரரே வேலிக் கம்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எங்க போடணும்னு நீங்களே சொல்லுங்க தம்பி.”

மாமா கை காட்டினார், அம்மா கேட்டதற்கும் ஒரு வரிசை தள்ளி. அப்பா கத்தியைக் கூரை இடுக்கில் செருகினார். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு லயத்தில் அதுவே முறையாயிற்று. காவல்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போட்ட வேலிதான் வேலி. தேத்தண்ணியும் வடையும் கொடுத்து மாமாவைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களின் பாத்திகள் அகலமாயின. சண்டை மட்டும் நின்றேபோனது. எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

பக்கத்துக் காம்பராக்காரரின் மனைவியான அக்கா, தன் துண்டு நிலத்தில் முதலில் காய்த்த பூசணியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்.

“மாமாகிட்ட குடுத்துரும்மா. எங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு.”

எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போய், இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.