புவாலா குடித்த கோழிச்சாறு

தாய்லாந்தின் நகோன் பனோமில் என் எதிர்வீட்டுக்காரி புவாலா. சந்தையில் மீன் விற்பவள். பேரம் பேசி அவளை ஜெயித்தவர் எங்கள் தெருவில் இல்லை. போன மழைக்காலத்தில் தலைவலி என்று படுத்தவளுக்கு வலது கை விழுந்துவிட்டது. மூளையில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று சொல்லி, மேலும் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து புருஷன் சம்லிதான் அவளுக்கு எல்லாம். சமைத்தான், ஊட்டினான், குளிப்பாட்டினான். குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். கோழிச்சாற்றில் கொல்லையிலிருந்து கஞ்சா இலையைக் கிள்ளிப் போடுவான். இங்கே யார் போடாமலிருக்கிறோம்? தூக்கம் வர, விகாரையில் கொடுத்த கஞ்சா எண்ணெயையும் அவள் நாக்கின் அடியில் விடுவான்.

கொஞ்ச நாளில் அவளுக்குப் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. தொட்ட இடமெல்லாம் கன்றிப்போனது. மறுபடியும் ஆஸ்பத்திரி. நானும் கூடப் போனேன்.

"கஞ்சா பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"நானா? அது வேலைவெட்டி இல்லாதவனுங்க பிடிக்கிறது."

அவள் பொய் சொல்லவில்லை. எங்களுக்குப் புகைத்தால்தான் கஞ்சா. சாற்றில் போட்டால் கீரை, சொட்டாக விட்டால் மருந்து.

சம்லி கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்த நர்ஸ் மோந்து பார்த்தாள். "அக்கா, இதுல இலை போட்டிருக்கா?"

"போடாம? வெறும் சுடுதண்ணியவா குடிக்கிறது?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, கஞ்சா ரத்தக்குழாய்க்கே ஆகாது. இந்த மாத்திரையோட சேர்ந்தா மாத்திரை வேகம் ஏறிடும். மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சா உயிருக்கே ஆபத்து. இலையும் வேணாம், எண்ணெயும் வேணாம்."

சம்லி தலையாட்டினான். வீடு வந்ததும், "சின்னப் பையன், என்னத்தப் படிச்சானோ" என்றான்.

அவள் தேறி வந்ததற்காகத் தெருவே கூடி மணிக்கட்டில் நூல் கட்டினோம். கட்டியவர் ஊட்டுவதை மறுத்தால், நோயில் வெளியேறி அலைகிற உயிர் உடம்புக்குத் திரும்பாது என்பார்கள். சம்லி முதலில் கட்டிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினான். சாற்றில் இலை மிதந்தது.

"வேணாங்க. டாக்டரு சொன்னாருல்ல."

"ஒரு வாய்தான். இத்தன நாளும் குடிச்சியே."

"அதனாலதான ரத்தம் வந்துச்சு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, அவதான் வேணாங்கிறால்ல, விடேன்" என்றேன்.

"நல்ல காரியத்துல வாய வைக்காத" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சம்லி கிண்ணத்தை அவள் வாயருகே கொண்டுபோனான். "எனக்கு வேற என்ன தெரியும், புவாலா? உன்னப் பொழைக்க வைக்க நான் வேற என்னத்தக் குடுப்பேன்?" என்று அத்தனை பேர் முன்னாலும் அழுதான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

புவாலா என்னைப் பார்த்தாள். பிறகு நல்ல கையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.