விழித்திரை படிக்கப் போனவர்

சேலம் ஜங்ஷனில் என் கணவரைச் சென்னை ரயிலில் ஏற்றிவிடப் போன அன்று, வண்டி வராமலே போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு நின்றேன். அது சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. டிரங்குப் பெட்டி, புதுக் கோட்டு, மடியில் ஆரஞ்சுப் பழக் கூடை என்று மாப்பிள்ளைக் களையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "வாரேன் புள்ள, ஆஸ்பத்திரியைப் பார்த்துக்க" என்றார் அவர். பார்த்துக்கொள்ளத்தானே என்னை விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் இருவருமே கண் டாக்டர்கள். அவர் என் அத்தை மகன். புதுச்சத்திரத்துப் பக்கம் இரண்டு குடும்பத்துக்கும் தோட்டம் துரவு உண்டு. அவரை மருத்துவம் படிக்க அனுப்பியபோது, நானும் போவேன் என்று அடம்பிடித்து, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, அப்பாவை வழிக்குக் கொண்டுவந்து, பெண்கள் படிக்கும் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து நானும் எல்.எம்.பி. டாக்டர் ஆனேன். இறுதிப் பரீட்சையில் கண் பாடத்தில் அவரைவிட எனக்குத்தான் மதிப்பெண் அதிகம். இதை நான் கல்யாணத்துக்குப் பிறகு அடிக்கடி சொன்னதில்லை. அவருக்கு மறந்துபோகிற மாதிரி தெரிந்தால் மட்டும் சொல்வேன். அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, முன்பக்கம் ஆஸ்பத்திரியும் பின்பக்கம் குடித்தனமுமாக வைத்திருந்தோம். ஆண்களை அவர் பார்ப்பார், பெண்களையும் குழந்தைகளையும் நான் பார்ப்பேன்.

நாங்கள் படித்த காலத்தில் விழித்திரை கிழிந்து விலகிவிட்டால் வைத்தியம் கிடையாது. கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் அது. பார்வையே அதில்தான் விழுகிறது. அது பிரிந்துகொண்டு வந்தால் ஆளைப் படுக்க வைத்து, தெய்வத்தை வேண்டிக்கொள்ளச் சொல்வோம். இந்த நிலையில்தான் ஐரோப்பாவிலிருந்து புதுச் செய்தி வந்தது. படலத்தில் எங்கே துளை விழுந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்கு நேரே வெளியிலிருந்து சூடு வைத்தால், வடு விழுந்து படலம் மறுபடி ஒட்டிக்கொள்கிறதாம். இதைக் கற்றுக்கொடுக்க வெளியூர்க் கண் டாக்டர்களுக்கென்று சென்னையில் ஒரு வகுப்பு ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் ஜில்லாவுக்கு ஓர் இடம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது கிடைத்ததும் நான் பெட்டியைத் துடைத்து வைத்தேன். தங்கும் விடுதி ஆண்களுக்கு மட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. துடைத்து வைத்த பெட்டியில் அவர் துணி ஏறியது.

"அடுத்த தடவை நீ போ" என்றார். அந்த அடுத்த தடவை வருவதற்குள் உலகச் சண்டை மூண்டு வகுப்பே நின்றுபோனது.

அவர் சென்னையிலிருந்து எழுதிய கார்டுகளை ஒரு தரம் படித்துவிட்டு அரிசி டின் மேல் வைத்துவிடுவேன். சமையல்காரம்மா அந்தப் பக்கம் போனதும் எடுத்து இன்னொரு தரம் படிப்பேன். இன்றைக்குப் பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்த்தேன், இன்றைக்கு நானே துளையைக் கண்டுபிடித்தேன் என்றெல்லாம் எழுதியிருப்பார். நான் இங்கே கண்வலிக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் என் கையில் அகப்பட்ட குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாகவே அழுதிருக்கும்.

திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். சிவப்புப் பென்சில், நீலப் பென்சில் இல்லாமல் காப்பி குடிக்க உட்காரமாட்டார். ஒட்டியிருக்கும் விழித்திரை சிவப்பு, விலகியது நீலம் என்று கையில் கிடைத்த காகிதத்திலெல்லாம் வட்டம் வட்டமாகப் போட்டுத் தள்ளினார். கசாப்புக் கடையிலிருந்து ஆட்டுக் கண் வாங்கிவரச் செய்து, நான் மோர் குடிக்கும் டம்ளரில் போட்டு வைத்தார். நானாகக் கேட்டால் சொல்லித் தரலாம் என்று அவர் காத்திருந்தார். கேட்பேனா நான்? கடைசியில் பொறுக்கமாட்டாமல், பக்கத்து அறையில் எனக்குக் காதில் விழட்டும் என்று கம்பவுண்டருக்கு உரத்த குரலில் பாடம் நடத்த ஆரம்பித்தார். அந்தக் கம்பவுண்டருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. நான்தான் கட்டுத்துணி சுற்றுகிற சாக்கில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் இராசிபுரத்திலிருந்து ஒரு நெசவாளி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நடுவயதுக்காரி. பாவு பிணைப்பதில் கைகாரி என்று அவரே பெருமையாகச் சொன்னார். தறியில் முடிந்துபோன பாவின் இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வேலை அது. கண் இல்லாமல் நடக்காது. அவளுக்குச் சிறுவயதில் அம்மை வார்த்து ஒரு கண் போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்றில்தான் இப்போது கோளாறு.

"ஏனுங்க டாக்டரம்மா, கீழ இருந்து கருப்பா ஒரு தெரை ஏறி வருதுங்க. நேத்து எதுக்க நிக்கறவங்க கழுத்து வரைக்கும் இருந்துச்சு, இன்னிக்கு உங்க மொகத்துல பாதிதானுங்க தெரியுது" என்றாள்.

மருந்து விட்டுக் கண் பாவையை விரியவைத்து, விளக்கும் கண்ணாடியும் கொண்டு பார்த்தேன். மேல்பக்கத்திலிருந்து படலம் சாம்பல் நிறத்தில் மடிந்து தொங்கி, அவள் கண்ணை அசைத்தபோதெல்லாம் அலைந்தது. துளை மட்டும் அகப்படவில்லை. என் கழுத்து வலிக்கும் வரை தேடினேன். இதற்குமேல் என் வீம்புக்காக அவளை உட்கார வைப்பது நியாயமில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போனேன்.

"ஏனுங்க மாமா, கொஞ்சம் வந்து பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

துளையை அவர்தான் கண்டுபிடித்தார். நான் பார்த்து முடித்துவிட்டேன் என்று நினைத்த இடத்துக்கும் அப்பால், மேலே, வெளி ஓரத்தில், குதிரை லாடம்போல ஒரு சிவந்த கிழிசல். "பாரு" என்று விளக்கை என் பக்கம் திருப்பினார். பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தது! இப்படி ஒன்றைத் தினமும் காலையில் பார்ப்பதற்காக ஒருவர் சென்னையில் போய் இருந்திருக்கிறார், அவர் நான் இல்லை என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இருக்கும் ஒரே கண், சூடு வைத்தாலும் பிழைக்காமல் போகலாம், வைக்காவிட்டால் போவது நிச்சயம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னோம். சென்னைக்கே அழைத்துப் போகலாமே என்றும் சொன்னோம். "அங்க எங்களுக்கு ஆருங்க இருக்கறாங்க? எதுவானாலும் சாமி கையால இங்கயே நடக்கட்டுமுங்க" என்றார் அவள் புருஷன். சாமி என்றது என் கணவரை.

அறுவையின்போது இமையை விலக்கிப் பிடித்ததும் விளக்கைக் காட்டியதும் நான். அளந்து, குறித்து, பழுக்கக் காய்ச்சிய ஊசியை அந்த இடத்தில் வைத்தது அவர். கை கொஞ்சமாவது நடுங்கும் என்று பார்த்தேன், நடுங்கவே இல்லை. அவர் நல்ல டாக்டர் என்பதும் எனக்கு வயிற்றெரிச்சல் என்பதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் எனக்குள் குடியிருந்தன.

அதற்குப் பிறகுதான் பெரிய பாடு. வாரக்கணக்கில் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தும்மக் கூடாது, இருமக் கூடாது. தும்மல் வந்துவிடும் என்று எங்கள் வீட்டில் மிளகாய் தாளிப்பதையே நிறுத்தினேன். வெற்றிலை கேட்டு அவள் கெஞ்சுவாள், கொடுக்கமாட்டேன். கஞ்சி ஊட்டியது நான், உடம்பு துடைத்தது நான், படுக்கைச் சட்டி வைத்து எடுத்ததும் நான். அவர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வந்து, "எப்படி இருக்குது ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவளோ நாளெல்லாம், "சாமி வந்தாங்களா? சாமி என்ன சொன்னாங்க?" என்று என்னிடமே கேட்டுக்கொண்டிருப்பாள். வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை அப்படியே கீழே வைத்துவிடலாமா என்று எனக்கு ஒவ்வொரு வேளையும் தோன்றும்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. நடுவில் சிறு துளை மட்டும் விட்ட கறுப்பு அட்டைக் கண்ணாடியை அவர் தயாராக வைத்திருந்தார். கண் அங்குமிங்கும் உருளாமல் இருக்க அது. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி எச்சரிக்கைகளையும் வரிசையாகச் சொன்னார். தலையைக் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, கட்டை வண்டியில் குலுங்கக் கூடாது. அவளும் அவள் புருஷனும் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள்.

எனக்கு அன்று விடிந்ததிலிருந்து ஒரே நினைப்புதான். பார்வை வந்ததும் இவள் யார் காலில் விழப் போகிறாள்? பதில் தெரிந்த கேள்விதான். தெரிந்திருந்தும் அதையே போட்டு மென்றுகொண்டிருந்தேன். அவர் அன்றைக்குப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றதையும் கவனித்துவிட்டேன்.

கட்டுப் பிரிந்தது. கண்ணாடியைப் போட்டு, விரல்களைக் காட்டினார். சரியாக எண்ணினாள். "தெரை எங்கீங்க சாமி? தெரையக் காணமுங்க!" என்றாள். காலைத் தரையில் வைத்தாள். இரண்டு கையையும் சேர்த்து முன்னால் சாய்ந்தாள். தலையைக் குனியக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பெரியவர்கள் காலில் விழுவதைக் குனிவது என்று எங்கள் பக்கத்தில் யாரும் நினைப்பதில்லை. அது கும்பிடுவது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், முகம் மலர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

நான் பாய்ந்துபோய் அவளைத் தோளில் பிடித்துத் தலையணையில் சாய்த்தேன். "உளுகாத! எந்திரிக்காத!" என்று கத்தினேன். கண்ணாடி கழன்று விழுந்தது. அவள் வெலவெலத்துப் போனாள்.

"சாமியக் கும்படக்கூட உடமாட்டீங்களாங்க?" என்றார் அவள் புருஷன்.

என் கணவர் என்னை அடுத்த அறைக்கு இழுத்துப் போனார். இவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை. "ஒருத்தி என்னக் கும்படறது உனக்குப் பொறுக்கலயா புள்ள?"

"பொறுக்கலீங்க மாமா. காலையில இருந்தே பொறுக்கல. அதனாலதான் அவ எப்ப எந்திரிப்பான்னு கண்ணெடுக்காமப் பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க உங்க காலை மட்டும் நெனச்சீங்க. அவ தலை எங்க போகுதுன்னு நான் பார்த்தேன். ஒட்டி இன்னும் ஒரு மாசம் ஆகலீங்க."

அவர் முகம் வெளுத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். "வகுப்புல இதச் சொல்லித்தரலயே" என்றார்.

"அந்தப் பாடம் எழுதுன ஊர்ல ஆரு கால்ல ஆருங்க உளுகறாங்க?"

உள்ளே போய் மறுபடி விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். படலம் இருந்த இடத்தில் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன். அவளுக்கு நான் விவரம் சொல்லத்தான் செய்தேன். தலையாட்டினாள். வீட்டுக்குப் போகிற வரை என் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை.

தைப் பொங்கல் கழிந்து அவள் புருஷனோடு வந்தாள். நன்றாக நடந்து வந்தாள், வாசல் நிலைக்குத் தலை தாழ்த்தி நுழைந்தாள். மறுபடி பாவு பிணைக்கிறாளாம். அவள் பிணைத்துக் கொடுத்த பாவில் புருஷன் நெய்தது என்று, மஞ்சளும் பச்சையுமாகக் கரை போட்ட அங்கவஸ்திரம் ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்து என் கணவர் முன்னால் நீட்டினாள். எனக்கு ஒன்றும் இல்லை.

"அன்னிக்குச் சாமியக் கும்படப் போனனுங்க. அம்மா புடிச்சுத் தள்ளீட்டாங்க" என்றாள். ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள்.

என் கணவர் இரண்டடி பின்னால் போனார். "என்னைய எதுக்கு ஆத்தா கும்படற? அன்னிக்கு உன்ற கண்ணைக் காப்பாத்துனது அவதான். கும்படறதுன்னா அவளைக் கும்புடு" என்றார். விளையாட்டில்லாமல், மனசாரத்தான் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். தன் புருஷன் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, சாமிக்கு எத்தன பெரிய மனசுன்னு!" என்றாள். பிறகு நெடுஞ்சாண்கிடையாக, நெற்றி தரையில் முட்ட, அவர் காலில் விழுந்தாள்.

கண் நன்றாக ஒட்டியிருந்தது. இந்தத் தடவை அவளைத் தடுக்க என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.