நேர்ந்துவிட்ட சேவலுக்கு நான் எழுதிய மனு

அந்தச் சேவலின் இடது காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. குஞ்சாக இருந்தபோதே பக்கத்து வீட்டு மில் அக்கா கட்டியது. கால் தடிக்கத் தடிக்க அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார். பீளமேட்டில் என் மாடி ஜன்னலைத் திறந்தால் அவருடைய ஓட்டு வீட்டின் பின்புறப் பொடக்காளியும் அங்கே மேயும் கோழிகளும்தான் தெரியும். பஞ்சாலையில் முப்பது வருஷம் நின்றவர், மில்லை மூடியபிறகு வீட்டோடு இருந்தார். புருஷன் போய்ச்சேர்ந்து வெகுகாலம். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட். எனக்குத் தூக்கம் பெரிது. அந்தச் சனியன் பிடித்த சேவலோ விடிய நாலரை மணிக்கு என் ஜன்னலைப் பார்த்துத்தான் தொண்டையைத் திறக்கும். என்னை நல்லவன் என்று நினைத்து இதைப் படிக்கத் தொடங்கியவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

கோழி வளர்ப்பதில் அக்கா கெட்டிக்காரி. அடைவைத்த இருபத்தோராம் நாள் குஞ்சுகள் ஓட்டை உடைத்து வரும்போது பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். மழை நாளில் அட்டைப்பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டுச் சூடு காட்டுவார். நொய்யரிசியில் தண்ணீர் தெளித்துப் பிசறி வைப்பார். வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்க ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் சொட்டு மருந்து விடுவார். பூனைக்கும் காக்காய்க்கும் போக மிஞ்சியது நாலு பெட்டையும் அந்த ஒரு சேவலும். சூலூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியிருக்கிறது என்று சேதி வந்த அன்றே, சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று குஞ்சாக இருந்த அந்தச் சேவலை மஞ்சள் துணி கட்டிக் குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டார். அவர்கள் வகையறாவில் ஒரு கட்டு உண்டு. நேர்ந்த சேவல் நேர்ந்தவர் வாசலிலேயே தின்று வளரவேண்டும். இன்னொரு வாசலில் ஒரு நாள் இரை எடுத்தாலும் சாமிக்கு ஆகாது. அது கூவத் தொடங்கி எனக்குக் கோபம் தலைக்கேறியபோது, அதைப் பலி கொடுக்கும் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நாற்றம், ஈ, நோய்த்தொற்று, முதியோர் உறக்கம், மாணவர் படிப்பு என்று ஒரு பக்கத்தை நிரப்பி, ‘பகுதிவாசிகள்’ என்று கீழே போட்டு வார்டு ஆபீஸுக்கு அனுப்பினேன். அந்தப் பகுதிவாசிகள் நான் ஒருவன்தான். நாலைந்து நாளில் சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்ன வயசு, தன்மையான ஆள். “பெட்டைகளைக் கூண்டுல அடைச்சுச் சுத்தமா வெச்சுக்குங்கம்மா, நாங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம். சேவல்தானுங்க பிரச்சனை. ஏழு நாள்ல எடுத்துருங்க. டைம் வேணும்னா எத்தனை நாள்னு எழுத்துல குடுங்க, மேல கேட்டு வாங்கித் தாரேன்” என்றார். ஜன்னலோரம் நின்று காபி குடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அக்கா மாடியேறி வந்தார். எட்டு வயதில் வேலைக்குப் போனவர். தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுதவோ படிக்கவோ தெரியாது. “ஏனுங்க சார், உங்களாட்டம் எழுத இந்தத் தெருவுல ஆருங்க இருக்காங்க? ஒரு மாசம் மட்டும் டைம் குடுத்தாப் போதும்னு எழுதிக் குடுங்க. நோம்பியன்னைக்கு நானே கோயிலுக்குக் கொண்டுபோயிருவனுங்க” என்றார். எழுதினேன். நாட்டுக்கோழி இனத்தின் பெருமை, ஏழை விதவையின் ஆதரவற்ற நிலை, ஜீவகாருண்யம் எல்லாம் அதில் இருந்தது. ஒரு மாத அவகாசம் என்ற ஒன்று மட்டும் இல்லை. இன்னும் முப்பது விடியற்காலைகள் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்திருந்தேன். டைப் அடித்துக் கொண்டுவந்ததும் படித்துக் காட்டச் சொன்னார். தாளில் இல்லாத அந்த வரியையும் சேர்த்து, நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

எட்டாம் நாள் காலையில் வலையும் சாக்குமாக இரண்டு பேர் ஆய்வாளரோடு வந்தார்கள். சேவல் முருங்கை மரத்துக்குப் பின்னால் விறகுக் குவியலில் பதுங்கிவிட்டது. அவர்கள் தேடி அலைந்தபோது அக்கா பார்க்காத நேரம் மேலிருந்து நான்தான் கை காட்டினேன். சாக்குக்குள் போகும்போது அது போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. “ஒரு மாசம்னு எழுதிக் குடுத்திருக்கறனுங்களே, படிச்சுப் பாருங்க சாமி!” என்று அக்கா சாக்கைப் பிடித்துக்கொண்டு கதறினார். ஆய்வாளர் கோப்பைத் திறந்து, தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இதுல அப்படி ஒண்ணுமே இல்லீங்களேம்மா.” அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். “டைப் அடிக்கையில விட்டுப்போயிருக்குமுங்க அக்கா” என்றேன். “விடுங்க சார், நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க” என்று சொல்லி அக்கா சாக்கை விட்டுவிட்டார்.

நேர்ந்த சேவலைப் பறிகொடுத்த சேதி சூலூருக்குப் போக ஒரு பகல்கூட ஆகவில்லை. சாமி குத்தம் ஆன வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்பமாட்டோம் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். வளைகாப்புக்குப் போன அக்காவைப் பந்தலுக்கு வெளியிலேயே நிறுத்தினார்களாம். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று யாரோ ஒரு நூல் வியாபாரி சொல்லித்தான் அக்காவுக்கே தெரிந்தது. ஒரு சேவலுக்காகப் பெற்றவளையே ஒதுக்குவார்களா என்று அலுவலகத்தில் எல்லாரிடமும் அந்தச் சம்பந்தியம்மாவைத் திட்டித் தீர்த்தேன். நன்றாகத்தான் தூங்கினேன். அதைத்தான் எழுதக் கூசுகிறது. ஏழு மணிவரை அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

பேத்திக்கு இப்போது மூன்று வயது. அக்கா இன்னும் அவளைத் தூக்கியதில்லை. பொடக்காளியில் கோழியும் இல்லை, துணி காயும் கொடி மட்டும் இருக்கிறது. போன வாரம் முட்டி வலியோடு படியேறி வந்து, சம்பந்தி வீட்டுக்கு ஒரு லெட்டர் எழுதித் தரச் சொன்னார். காலில் விழுந்து கேட்கிறேன், ஒரு தடவை குழந்தையைக் காட்டுங்கள் என்று எழுதவேண்டுமாம். உட்கார்ந்து எழுதினேன். குத்தம் அந்த அம்மாவுடையது இல்லை, புகார் கொடுத்தவனும் அவகாசம் கேட்காமல் மறைத்தவனும் நான்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். எனக்கு அது தெரியும். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். மற்றதையெல்லாம் வெகு உருக்கமாக எழுதி முடித்துவிட்டேன். படிக்கக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே தன் பெயரை எழுதினார் அக்கா. எழுந்து நின்று சொன்னார்: “உங்க புண்ணியத்துல எம் பேத்தியப் பாத்துருவனுங்க சார்.”